அப்பாவுக்குக் கேட்காதது

மேற்கு மாம்பலம்
18.6.2023

அன்புள்ள அப்பாவுக்கு அனு எழுதுவது.

இங்கே அவரும் அத்தையும் நானும் நலம். சங்கரன்கோவிலில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? புதுக் காது மெஷினை மாட்டுகிறீர்களா, அலமாரியில் வைத்துவிட்டீர்களா? போன வாரம் போன் செய்தேன். "யாரு? சத்தமாப் பேசுங்க" என்று நான்கு முறை சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். செல்போனில் எழுத்தை அனுப்பினாலும் உங்களுக்குப் பிடிபடாது. ஆகவே பழையபடி கடிதம்தான்.

அடையாற்றில் பள்ளி திறந்துவிட்டது. எனக்கு இந்த வருடமும் ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும். கணக்கு வகுப்புகள் எல்லாம் மூன்றாவது மாடியில். டீச்சர்களுக்கான பாத்ரூம் கீழ்த்தளத்தில். ஏறி இறங்கியே நாள் போகிறது.

அம்மாவின் திதிக்கு மே மாதம் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ரயில் நிரம்பிவிட்டது. பஸ்ஸிலும் டிக்கெட் கிடைக்கவில்லை. எனக்கும் வருத்தம்தான்.

ஆறேழு மாதமாக அடிவயிறு சரியில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். உடம்புச் சூடாக இருக்கும். நீங்கள் இதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். அவர் காலையில் தி.நகர் கடைக்குப் போனால் கடை சாத்தித்தான் வருகிறார். ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு எடுக்கும் நேரம்.

வெயிலில் அலையாதீர்கள்.

உங்கள் மகள்
அனுப்ரியா


சங்கரன்கோவில்
26.6.2023

சௌபாக்கியவதி அனுவுக்கு அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதியது.

உன் 18ஆம் தேதிக் கடிதம் 22ஆம் தேதி கிடைத்தது. நான் சௌக்கியம். மெஷின் அலமாரியில்தான் இருக்கிறது. அதை மாட்டினால் ஊர் முழுக்க அரிசி மில் ஓடுகிற மாதிரி இருக்கிறது. மனிதக் குரல் மட்டும் கேட்பதில்லை.

உனக்கு வந்திருப்பது பித்தம். நேற்று பார்சல் போட்டிருக்கிறேன். அதில் எலுமிச்சை ஊறுகாய் இரண்டு பாட்டில், தேன் நெல்லி ஒரு பாட்டில், நார்த்தங்காய் அரைக் கிலோ. எலுமிச்சை நம் கொல்லை மரத்தில் காய்த்தது. நானே அரிந்து நானே வெயிலில் வைத்தேன். உன் அம்மா போனபின் கற்றுக்கொண்ட வேலை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து குடி. நாற்பத்தெட்டு நாள் விடாமல் குடிக்க வேண்டும். காபியையும் நிறுத்தாதே. காபி குடித்தால்தான் வயிறு இளகும்.

திதியன்று நான் தனியாக உட்கார்ந்திருந்ததை ஊரில் கவனித்தார்கள். டிக்கெட் கிடைக்காதவர்கள் நின்றுகொண்டே வந்த காலமும் உண்டு.

மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாளுக்கும் என் நமஸ்காரத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
அப்பா ஜவஹர்


மேற்கு மாம்பலம்
13.8.2023

அன்புள்ள அப்பா,

உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே எல்லோரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்.

பார்சல் பத்திரமாக வந்தது. எலுமிச்சையை இன்றோடு நாற்பது நாள் குடித்துவிட்டேன். அப்பா சொன்னதாயிற்றே என்று ஒருநாள்கூட விடவில்லை. இன்னும் பலன் தெரியவில்லை. தெரியும்.

பள்ளியில் ஒன்று நடந்துவிட்டது. வேறு யாராவது சொல்லி உங்கள் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். இடைத்தேர்வில் பத்தாம் வகுப்பு அறைக்கு நான் மேற்பார்வை. ஒன்றரை மணி நேரம். நடுவில் அறையை விட்டு வெளியே போக வேண்டியிருந்தது. வராந்தாவில் யாராவது டீச்சர் தென்பட்டால் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று பார்த்தேன், யாருமில்லை. மூன்று மாடி இறங்கி ஏறி வர ஏழு நிமிடம் ஆயிற்று. அதற்குள் இரண்டு பெண்கள் விடைத்தாளை மாற்றி எழுதியிருந்தார்கள். பிரின்ஸிபால் எனக்கு மெமோ கொடுத்துவிட்டார். "என்ன மேடம், உங்களுக்கும் சேர்த்து அவுட்பாஸ் அடிக்கணுமா?" என்று எல்லா டீச்சர்களுக்கும் முன்னால் கேட்டார். வகுப்பில் எனக்கு "ரெண்டு நிமிஷம் மிஸ்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "ரெண்டு நிமிஷம், வந்துடறேன்" என்று நான் அடிக்கடி சொல்கிறேனாம்.

ஏன் போனேன் என்று கேட்பீர்கள். வயிற்று வலிதான்.

மழை வந்தால் கொல்லைப் பக்கம் வழுக்கும். பார்த்து நடங்கள்.

அனு


சங்கரன்கோவில்
21.8.2023

அனுவுக்கு அப்பா எழுதியது. சுகம், சுகமறிய வேண்டியது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தாலுகா ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் தலைமை எழுத்தராகவும் அதற்குக் கீழேயும் வேலை பார்த்திருக்கிறேன். பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் ஒன்றரை மணிக்கு எழுந்திருப்பேன். மெமோ என்ற காகிதத்தை நான் அடுத்தவருக்குத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன், வாங்கியதில்லை. உன் அம்மா உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒன்பதாம் மாதம்வரை பால்வாடி வேலைக்குப் போனாள். வயிற்று வலி யாருக்குத்தான் இல்லை. மனத்தை அடக்கினால் உடம்பு அடங்கும்.

பிரின்ஸிபாலிடம் மன்னிப்பு எழுதிக் கொடு. காரணம் எழுதாதே. காரணம் எழுதினால் அது ஃபைலில் நிற்கும்.

எலுமிச்சையை இன்னும் ஒரு நாற்பத்தெட்டு நாள் நீட்டிக்கவும். பழம் அனுப்புகிறேன்.

ஆசீர்வாதம்.
அப்பா


தியாகராய நகர்
9.10.2023

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்குப் பாலகணேஷ் வணக்கத்துடன் எழுதுவது.

தாங்கள் நலமாக இருக்க முருகன் அருள் வேண்டுகிறேன். இதைக் கடையிலிருந்து எழுதுகிறேன். அனுவுக்குத் தெரியாது.

அவள் தங்களுக்கு வயிற்று வலி என்று எழுதியிருப்பாள். வயிற்று வலி இல்லை, மாமா. சிறுநீர். ஒரு வருடமாக ஒரு நாளைக்கு இருபத்தைந்து முறை பாத்ரூம் போகிறாள். அம்மா எண்ணியிருக்கிறார்கள். போய்விட்டு வந்து பத்து நிமிடத்தில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு உட்காருகிறாள். நான் செய்யாத வைத்தியம் இல்லை. நான்கு டாக்டர், ஆறு சிறுநீர்ப் பரிசோதனை, இரண்டு ஸ்கேன். எல்லாவற்றிலும் கிருமி இல்லை, கல் இல்லை, ஒன்றுமே இல்லை என்றுதான் வந்திருக்கிறது. கடைசியாகப் பார்த்த டாக்டர் "குழந்தை இல்லாத ஏக்கம், மனநல டாக்டரைப் பாருங்க" என்றார். அதை நான் சொன்னதற்கு அனு மூன்று நாள் பேசவில்லை.

என் சித்தப்பா பெண் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் எழுந்து ஓடினாள். சொந்தக்காரர்கள் முன்னால் நான் தலைகுனிந்து நின்றேன். ஒரு வருடமாக நாங்கள் கணவன் மனைவியாக இல்லை. இதற்கு மேல் ஒரு தகப்பனாருக்கு எழுதக்கூடாது.

அம்மா இதை நடிப்பு என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் என்ன நினைப்பது என்றும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இப்படி ஏதாவது உண்டா? மறைக்காமல் எழுதவும்.

தங்கள் மருமகன்
பாலகணேஷ்


சங்கரன்கோவில்
16.10.2023

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு ஜவஹர் அநேக நமஸ்காரம்.

தங்கள் கடிதம் கண்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. தங்கள் தாயாருக்கும் உறவினர்களுக்கும் என் மகளால் ஏற்பட்ட சங்கடத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் கேட்டதற்குப் பதில். இது புதிதாக வந்த வியாதி இல்லை. சிறு வயதிலிருந்தே அவளுக்கு அடிக்கடி போகும் பழக்கம் உண்டு. அவள் அம்மா கண்டித்துக்கொண்டே இருப்பாள். கல்யாணத்துக்கு முன்பும் இருந்ததுதான். ஆகவே இது பெரிய விஷயமும் இல்லை, ஆபத்தும் இல்லை. கண்டிப்பு இருந்தால் அடங்கிவிடும். தாங்கள் சற்றுக் கடுமையாக இருந்தால் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

தயவுசெய்து அவளை இங்கே அனுப்பும் யோசனை வேண்டாம். பெண் வாழாமல் வந்துவிட்டாள் என்று இந்தத் தெரு பேசும்.

இது நமக்குள் இருக்கட்டும்.

தங்கள் நலம் நாடும்
ஜவஹர்


மேற்கு மாம்பலம்
30.12.2023

அப்பா,

நலமா? நீங்கள் தனியாக இருக்கும்போது இந்தக் கடிதத்தைப் படியுங்கள்.

எனக்கு வயிற்று வலி இல்லை. சிறுநீர்ப்பையில் நோய். இந்த ஒரு சொல்லை உங்களுக்கு எழுத எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

நவம்பரில் மயிலாப்பூரில் ஒரு பெண் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். தனியாகத்தான் போனேன். மற்ற டாக்டர்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள். இவர் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு, "பை நிரம்ப நிரம்ப வலி ஏறுதா? போயிட்டு வந்ததும் கொஞ்ச நேரம் குறையுதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். நான் அழுதுவிட்டேன். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி அது. மயக்க மருந்து கொடுத்து உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார். பையின் உட்சுவரில் புண். தண்ணீர் நிரப்பியதும் அங்கங்கே ரத்தம் கசிந்ததாம். "உங்க மனசுல ஒண்ணும் இல்லம்மா. பையிலதான் இருக்கு" என்றார்.

கிருமியால் வருவதில்லை. அதனால்தான் பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை. தின்ற ஆன்ட்டிபயாட்டிக் எல்லாம் வீண். புற்றுநோயும் இல்லை. ஏன் வருகிறது என்று உறுதியாகத் தெரியாது. முழுக்கக் குணமாகும் என்று சொல்ல முடியாது, அடக்கி வைக்கலாம் என்கிறார். வாரம் ஒருமுறை குழாய் வழியாகப் பைக்குள் மருந்து விடுகிறார்கள். தினமும் ஒரு மாத்திரை. இடுப்புத் தசைக்குப் பயிற்சி. எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மில்லி என்று அளந்து எழுத ஒரு பிளாஸ்டிக் குவளை கொடுத்தார். அத்தை அந்தக் குவளையைப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப்போய், "இத வச்சு என்ன அளக்குறா தெரியுமா?" என்று காட்டிவிட்டு வந்தார்கள். நிஜமாகவே போகிறேனா, சும்மா உட்கார்ந்திருக்கிறேனா என்று பார்க்க, பாத்ரூம் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். நான் உள்ளே இருக்கும்போது கதவு திறக்கும், அப்பா.

வலி எப்படி என்று டாக்டர் கேட்டதற்கு, புண்ணின்மேல் மிளகாய் அரைத்துத் தடவிய மாதிரி என்றேன். காபி, தக்காளி, புளி, மிளகாய், எலுமிச்சை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். உங்கள் எலுமிச்சையை நான் தொண்ணூற்றாறு நாள் குடித்தேன். உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்கள் அனுப்பியிருக்க மாட்டீர்கள். தப்பு என்மேல்தான்.

மே மாதம் பஸ்ஸில் இடம் இருந்தது. பத்து மணி நேரத்தில் இரண்டே இடத்தில் நிற்கும் பஸ். ஏற தைரியம் வரவில்லை.

எனக்குப் பள்ளியில் மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு கிடைக்கும். நம் வீட்டுக்கு வந்து இருக்கட்டுமா? மருந்து விட்டுக்கொள்ளத் திருநெல்வேலிக்குப் போய் வந்துவிடுவேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் தர மாட்டேன். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடம் இருந்தால் போதும்.

உடனே பதில் போடுங்கள்.

அனு


சங்கரன்கோவில்
11.2.2024

அனுவுக்கு ஆசீர்வாதம். ஈசன் கிருபையில் சௌக்கியம்.

பதில் தாமதம். தை மாதம் முழுக்க வேலை. மின்சார மீட்டரை மாற்றினார்கள். வடக்குப் பக்கத் தென்னை ஒன்றை வெட்ட வேண்டியதாயிற்று.

நீ எழுதியதைப் படித்தேன். பெண்பிள்ளை இதையெல்லாம் எழுத்தில் வைக்கக் கூடாது. அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இனி எழுதினால் 'உடம்புச் சங்கடம்' என்று எழுது, எனக்குப் புரியும்.

இங்கே வருவதைப் பற்றி. கக்கூஸ் கொல்லைக் கடைசியில் இருக்கிறது. பின்தெருவில் இருப்பவர்களுக்கு நம் கொல்லை முழுக்கத் தெரியும். நீ அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தால் என்ன நினைப்பார்கள்? சௌகரியப்படாது.

ஊறுகாய் ஊர் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

மாப்பிள்ளைக்கு விளக்கமாக எழுதியிருக்கிறேன். அவர் பொறுமையானவர். அனுசரித்துப் போ.

அப்பா


மேற்கு மாம்பலம்
23.2.2024

அப்பாவுக்கு,

நலம் கேட்டு எழுதும் நிலையில் இல்லை. அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தபாலில் அனுப்பியிருக்கிறார். 'திருமணத்துக்கு முன்பே இருந்த நோயை மறைத்து ஏமாற்றியதாக' எழுதியிருக்கிறது. ஆதாரம் இருக்கிறதாம். என்ன ஆதாரம் இருக்க முடியும்?

மார்ச் 10, ஞாயிறு காலை பத்து மணிக்கு மயிலாப்பூரில் அவருடைய வக்கீல் பரத்வாஜ் அலுவலகத்தில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேச வரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கட்டாயம் வர வேண்டும். 'கல்யாணத்துக்கு முன் என் மகளுக்கு இந்த நோய் இல்லை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். எனக்கு வேறு யாருமில்லை.

அனு


மயிலாப்பூர், பெண்கள் விடுதி
17.3.2024

அப்பாவுக்கு அனு எழுதுவது.

ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். ரயிலில் குளிராமல் இருந்ததா?

அன்று அந்த அறையில் நீங்கள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். ஆனால் உங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அதனால் அங்கே பேசியதை எழுதுகிறேன்.

வக்கீல் ஃபைலைத் திறந்து ஒரு கடிதத்தைப் படித்தார். முதல் வரியிலேயே யார் எழுதியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "சிறு வயதிலிருந்தே", "கல்யாணத்துக்கு முன்பும் இருந்ததுதான்", "தாங்கள் சற்றுக் கடுமையாக இருந்தால்". வக்கீல் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

அத்தை, "பாத்தீங்களா சார், பெத்த அப்பனே எழுதிக் குடுத்திருக்காரு. நாங்க ஒண்ணும் இட்டுக்கட்டிச் சொல்லல" என்றார்கள்.

நான் உங்கள் கையைப் பிடித்து, "அப்பா, அது பொய்னு சொல்லுங்க" என்றேன். நீங்கள் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "என்னம்மா?" என்றீர்கள். மறுபடி கத்தினேன்.

"பெரியவருக்குக் காது கேக்கலையோன்னோ? பேப்பர்ல எழுதிக் கேட்டுண்டுடலாம்" என்று வக்கீல் சொன்னார். ஒரு தாளில், 'இது தாங்கள் எழுதிய கடிதமா? இதில் உள்ளது உண்மையா?' என்று எழுதி நீட்டினார். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டீர்கள்.

அப்போது நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்பு கோடை விடுமுறையில் எனக்கு இரண்டு நாள் நீர்க்கடுப்பு இருந்தது. அம்மா நீர்மோர் கொடுத்தாள், சரியாகிவிட்டது. அது ஒன்றுதான். அதற்குப் பிறகு பள்ளியில், கல்லூரியில், கல்யாணமாகி ஐந்து வருடம்வரை எதுவுமே இல்லை. அம்மா ஒருநாளும் என்னைக் கண்டித்ததில்லை. இதை வக்கீலிடம் சொன்னேன். உங்களைப் பார்த்தும் சொன்னேன். நீங்கள் தாளிலிருந்து தலை நிமிரவில்லை.

'கடிதம் நான் எழுதியது. அதில் கண்டது யாவும் உண்மை' என்று எழுதினீர்கள். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, நேரம் போட்டு, இடம் மயிலாப்பூர் என்றும் போட்டீர்கள்.

உங்கள் மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல், "அவ்ளோதான் சார்" என்றார்.

வக்கீல் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "அம்மாடி, பரஸ்பர சம்மதத்துல டைவர்ஸ்னு கையெழுத்துப் போட்டுடு. கோர்ட்டுக்குப் போனா கூண்டுல ஏத்தி, எத்தனை தடவை போவே, எங்கே வலிக்கறதுன்னு ஒண்ணொண்ணா கேப்பா. உனக்குத் தேவையா?" என்றார். நான் ஒன்றரை மணி நேரமாக அடக்கிக்கொண்டிருந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கே போட வேண்டுமோ அங்கெல்லாம் போட்டுவிட்டு, "பாத்ரூம் எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன்.

அத்தை, "ஆரம்பிச்சாச்சு. இனி எத்தன தடவ வேணா போவட்டும், எங்களுக்கென்ன" என்றார்கள். உங்கள் மாப்பிள்ளை சிரித்தார். வக்கீலின் குமாஸ்தாவும் சிரித்தார்.

அவர்கள் சிரித்ததைப் பார்த்து ஏதோ சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்து நீங்களும் சிரித்தீர்கள், அப்பா. எழுந்து நின்று அத்தையைப் பார்த்துக் கைகூப்பினீர்கள். நான் கதவருகில் நின்று அதைப் பார்த்தேன்.

எழும்பூர் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தபோது, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று உங்கள் உள்ளங்கையில் எழுதிக் கேட்டேன். "எழுதினத மாத்தி எழுதினா, அப்ப எழுதினது பொய்யின்னு ஆயிரும்லா. என் கையெழுத்துக்குக் கீழ பொய் இருந்ததில்ல" என்றீர்கள்.

அடுத்த நாள் அந்த வீட்டை விட்டு வந்துவிட்டேன். இங்கே பதினெட்டுப் பெண்களுக்கு இரண்டு பாத்ரூம். வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அனுப்ரியா


சங்கரன்கோவில்
19.6.2024

சிரஞ்சீவி அனுவுக்கு அப்பா எழுதியது. மூன்று மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. பள்ளி முகவரிக்கு எழுதினேன், திரும்பி வந்துவிட்டது. விடுதிக்குப் போடுகிறேன், அவர்கள் சேர்ப்பிப்பார்கள் என்று நம்புகிறேன்.

மாப்பிள்ளைக்கு நான் அனுப்பிய கடிதம் உன் நன்மைக்காக எழுதப்பட்டது. பழைய பழக்கம் என்றால் பயப்பட மாட்டார்கள், உன்னை வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். வேறு எண்ணம் இல்லை. இதை நீ நம்ப வேண்டும்.

வைகாசியில் கொத்தனார் வைத்து உன் அறையை ஒட்டி உள்ளேயே ஒரு கக்கூஸ் கட்டியிருக்கிறேன். அறையிலிருந்தே கதவு. நாற்காலி மாதிரி உட்காரும் வகை. தரை வழுக்காத டைல்ஸ். சுடுதண்ணீருக்குத் தனிக் குழாய். உள்ளே பித்தளைத் தாழ்ப்பாள், வெளியிலிருந்து திறக்கவே முடியாது. நானே உள்ளே போய்ப் பூட்டிச் சரிபார்த்தேன். சமையலில் புளி, மிளகாய் இல்லாமல் செய்யப் பழகி வருகிறேன். பாசிப்பருப்பும் சுரைக்காயும் நன்றாக வருகிறது.

நீ வந்துவிடு. ஒன்று மட்டும். தெருவில் கேட்பார்கள். குழந்தை இல்லை என்பதால் அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குப் பரிதாபப்படுவார்கள், யாரும் தப்பாகப் பேச மாட்டார்கள். நீயும் அதையே சொல். மற்றதை வாயால் சொல்ல வேண்டாம். வாசலுக்கு வரும் யாரிடமும் வேண்டாம்.

எந்த வண்டி என்று எழுதினால் ஸ்டேஷனுக்கு வருகிறேன். வயது எழுபத்தொன்று ஆகிறது.

அப்பா


திருவல்லிக்கேணி
7.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு அனு எழுதுவது.

விடுதிக்காரர்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் உடம்பைக் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இருபத்தைந்து தடவை இப்போது பதினாறாகியிருக்கிறது. நேற்று பத்தொன்பது. வாராவாரம் மருந்து விட்டுக்கொள்கிறேன். சில நாள் வலி இல்லாமலே இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. சில நாள் தரையில் படுத்துக் கிடக்கிறேன். டாக்டர் இப்படித்தான் இருக்கும் என்றார்.

ஏப்ரலோடு பள்ளியில் நிறுத்திவிட்டார்கள். இங்கே பெரிய தெருவுக்குப் பின்னால் ஹாஜிரா பீ என்பவர் வீட்டு மாடியில் ஓர் அறையும் பாத்ரூமும். சாயங்காலம் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள்.

வீடு பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டேன். "எனக்குச் சிறுநீர்ப்பையில நோய். அடிக்கடி போவேன். தண்ணி நிறைய செலவாகும்" என்றேன். ஹாஜிரா பீ வெற்றிலையை மென்றுகொண்டே, "அதுக்கு இன்னா இப்போ? தொட்டி காலியானா மோட்டார் போட்டுக்கோ. நீ போய்க்கினு வந்துகினு இரு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் மீன் விற்கிற குலாம் ரசூல் என்னை நிறுத்தி, "டீச்சர், எங்க அண்ணிக்கும் அப்டியேதான் கீது. எந்த டாக்டராண்ட போறே, சொல்லு" என்று கேட்டார். நடுத்தெருவில், மீன் கூடையோடு. டாக்டர் பெயரை எழுதிக் கொடுத்தேன். போன வாரம் அந்த அண்ணியும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

நீங்கள் பொய் எழுதினீர்கள் என்பதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அதை மாற்றி எழுத மாட்டேன் என்றீர்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. இப்போது இன்னொரு பொய்யை என் வாயால் சொல்லச் சொல்கிறீர்கள்.

நான் வரவில்லை, அப்பா. சுரைக்காயை நீங்களே சாப்பிடுங்கள், வயிற்றுக்கு நல்லது. அந்த அறையை வாடகைக்கு விட்டுவிடுங்கள். உள்ளேயே பாத்ரூம் இருந்தால் நல்ல குடும்பமாக வருவார்கள்.

அனுப்ரியா